நாலு பரப்புக் காணியும் ஒரு கையெழுத்தும்

பிரன்ஸ்விக், மெல்பேர்ன்
16 யூன் 1976, புதன்

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று வகுப்பில் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

செவ்வாய் மாலைகளில் பெரியவர்களுக்குப் பழைய கிரேக்க வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? நேற்று ஏதென்ஸ் நகரப் பெண்களைப் பற்றிப் பேசினேன். தகப்பனோ கணவனோ மகனோ, யாராவது ஓர் ஆண் அவர்களுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். அவன் சம்மதமின்றி ஒரு மூடை பார்லியின் பெறுமதிக்கு மேல் அவர்கள் எதையும் விற்க முடியாது. பெண்ணுக்கு யோசிக்கத் தெரியும், தீர்மானிக்கும் அதிகாரம்தான் இல்லை என்று அவர்களுடைய தத்துவ ஞானி ஒருவரே நினைத்தார்.

ஸ்தவ்ரூலா என்ற கிரேக்கப் பெண் சிரித்தாள். தையல் தொழிற்சாலையில் வேலை செய்பவள். இங்கே வீடு வாங்கும்போது அவள் கையெழுத்து போதாதென்று, எழுதத் தெரியாத அவள் கணவனை அழைத்துப் புள்ளடி போடவைத்தார்களாம். பிறகுதான், உங்கள் ஊரில் இந்த வழக்கம் எந்த வருடம் நின்றது என்று கேட்டாள். நான் தேநீர் இடைவேளை விட்டேன்.

கோண்டாவிலில் இருக்கும் அந்த நாலு பரப்புக் காணி என் சீதனம். காணி உறுதியில் இருப்பது என் பெயர். ஆனாலும் நம் தேசவழமைச் சட்டப்படி, கணவனான உங்கள் கையெழுத்தில்லாமல் அதை யோகாவுக்கு எழுதிக்கொடுக்க முடியாது. கணவனை இழந்து, பிள்ளையோடு அங்கே இருக்கிறாள் என் தங்கச்சி. உங்கள் தம்பி வந்து காணியை அளந்துவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. “அத்தான் ‘பாப்பம்’ எண்டு மட்டும்தான் சொல்லுறார், அக்கா” என்று எழுதியிருக்கிறாள். நானும் இரண்டு தடவை கேட்டேன். நீங்கள் மழையைப் பற்றி எழுதினீர்கள்.

நீங்கள் என் படிப்பையோ வேலையையோ ஒருநாளும் தடுத்ததில்லை. அதனால்தான் இந்த மௌனம் எனக்கு விளங்கவில்லை. நான் இங்கே வந்ததற்கான கோபமா? அப்படியென்றால் அது நம் இருவரோடும் இருக்கட்டும். யோகாவை விட்டுவிடுங்கள்.

பிரஷர் குளிசையை மறக்க வேண்டாம். நான் கும்பிடுவது குறைவு. இருந்தாலும் நல்லூரானிடம் உங்கள் சுகத்தைக் கேட்கிறேன்.

உங்கள்
சத்தியபாமா

வியாழன்.

இன்று காலை சட்டத்தரணி தேவராஜாவுக்கு எழுதினேன். கணவர் சம்மதிக்காவிட்டால் நீதிமன்றம் அனுமதி தரலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் அனுப்பியிருந்த விண்ணப்பத்தில் காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘நியாயமின்றி மறுக்கிறார்’ என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடங்களில் உங்களைப் பற்றி வெளியாள் ஒருவருக்கு நான் எழுதிய முதல் குறை அது. ஒன்பதரை மணிக்கு அதைத் தபாலில் சேர்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, உங்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று இந்த வரிகளைச் சேர்த்தேன்.