முப்பத்தொரு ஒற்றைச் சாக்ஸ்

மார்ச் 4
இல்லை, ஓடி வர மாட்டேன். "இந்த வேலையையும் விட்டுட்டு ஓடி வந்துடுவியா?" என்று காலையில் அக்கா போனில் கேட்டபோது வாயில் பிரஷ் இருந்தது, அதனால் பதில் இங்கே. கல்லூரியைப் பாதியில் விட்டது உண்மை. கூரியர் கிடங்கு, செல்போன் கடை – எல்லாம் விட்டேன். ஆனால் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவில் ஒரே இடத்தில் உட்கார வேண்டாமே! ஆறு மாதம் பயிற்சி, சாதாரண உடுப்பு. அது முடிந்து எங்கள் அதிகாரி மேடம் கையெழுத்துப் போட்டால்தான் சீருடை.

அப்பா தையல்காரர். சீருடைத் துணியை வெட்டிவிட்டார். ஆனால் மிஷினில் ஏற்றவில்லை. கையால் தளர்வாக நூலோட்டி, சட்டையை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். "மொதல்ல நிலைச்சு நில்லு, அப்புறம் தைக்கிறேன். பிரிக்கிறதுன்னா எனக்கும் சுலபமா இருக்கட்டும்." வாழ்த்துகிற லட்சணம் இது.

மார்ச் 19
படிவம், படிவம், படிவம். இதுவரை பார்த்த ஒரே விலங்கு, அலுவலகப் பூனை.

ஏப்ரல் 11
சந்தையில் ஒரு அட்டைப்பெட்டி, மேலே 'பொம்மை' என்று எழுதியிருந்தது. பொம்மைக்கு எதுக்கு மூச்சு விட ஓட்டை? கிடங்கில் பெட்டி தூக்கியவனுக்கு அது போதாதா. பிரித்தேன். உள்ளே கிளிகள், நாற்பது இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று. மனசு கேட்கவில்லை. மூடியை முழுசாகத் திறந்துவிட்டேன். ஜிவ்வென்று போச்சு எல்லாம். சந்தையே கை தட்டியது. நானும் சிரித்தேன்.

வியாபாரியும் சிரித்தான். "எந்தக் கிளி தம்பி? காலிப் பெட்டிதானே."

எண்ணவில்லை. படம் எடுக்கவில்லை. கை தட்டிய கூட்டம், சாட்சிக் கையெழுத்து என்றதும் காணாமல் போய்விட்டது. வழக்கும் போச்சு.

மேடம் கத்தவில்லை. "கிளிக்கு விடுதலை குடுத்த, சரி. அவனுக்கும் சேர்த்துக் குடுத்துட்டியே."

ஏப்ரல் 12
இன்னொரு தடவை இப்படி நடந்தா கையெழுத்துக் கிடையாதாம். நானே போயிடலாமா? அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி? எனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே. ஆணியில அந்தச் சட்டை ஆடுது. ஒரு இழு இழுத்தா நூல் மொத்தமும் கையோட வந்துடும்.

இழுக்கல.

மே 2
ஜீப் ஓட்டுற அண்ணன் எனக்குப் பேர் வைத்துவிட்டார்: 'திறப்புவிழா'. ஜீப் கதவைக்கூட நான் தொடக் கூடாதாம்.

ஜூலை 23
பேருந்து நிலையம். எல்லாரும் பெட்டியைத் தரையில் வைத்திருக்க, ஒருத்தன் மட்டும் மடியில் வைத்துக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். திறக்கச் சொன்னேன். சுருட்டி முடிச்சுப் போட்ட சாக்ஸ், பெட்டி நிறைய. "சாக்ஸ் வியாபாரம் சார்" என்றான். ஒன்றுக்கும் ஜோடி இல்லை. நடுவில் ஒரு பச்சை சாக்ஸ் மெதுவாக நடந்து போனது.

என் கை அரித்த அரிப்பு! அவிழ்க்கவில்லை. அண்ணனை அவன் பக்கத்தில் நிறுத்தினேன். படம் எடுத்தேன். டிக்கெட் கொடுக்கிற அக்காவையும் ஒரு சுமைதூக்கியையும் சாட்சிக்குப் பிடித்தேன். மேடம் வர ஒன்றரை மணி நேரம். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். அண்ணன், "குளிருதா தம்பி?" என்றார், அந்த வெயிலில்.

அப்புறம் ஒவ்வொரு சாக்ஸாக அவிழ்த்து, எண் போட்டு, எடை போட்டு – முப்பத்தொரு ஆமை. பதினேழாவது என் பேனாவைக் கடித்தது. அதையும் எழுதினேன். மேடம் அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்.

ஆகஸ்ட் 30
ஆமைகளைக் காட்டில் விடச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. தாளை என்னிடம் கொடுத்து முழுசாகப் படிக்கச் சொன்னார் மேடம். படித்தேன். "ம். இப்ப தொற, திறப்புவிழா."

கை தட்ட ஆளில்லை. ஆமை ஜிவ்வென்றும் போகாது. முப்பத்தொன்றும் புதருக்குள் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கடைசி ஒன்று போகும்வரை உட்கார்ந்து பார்த்தேன். நான். உட்கார்ந்து.

செப்டம்பர் 4
கையெழுத்து ஆச்சு! அக்காவிடம் சொன்னால் நம்பவில்லை, தாளைப் படம் எடுத்து அனுப்பு என்றாள். சாட்சியோடு அனுப்பினேன்.

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு தடவை படித்தார். சட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். இப்போது உள்ளே மிஷின் ஓடுகிறது. நின்னுடுச்சு. "தோள் அகலமாயிடுச்சுடா உனக்கு, அளவு எடுக்கணும், வா." டேப்போட கூப்பிடறார். போகணும்.