அலமாரிக்குள் எடுத்த அழுகை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான், மகள், பேத்தி மூவரும் சௌக்கியம். நீங்களும் அங்கே ஒலிப்பதிவு அறையில் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். எந்நேரமும் ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கு வெளியுலகத்தில் என்ன கவலை.

கடிதம் வந்தது. குட்டிப் பூதம் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் பன்னிரண்டாம் பாகமாம். அரைத்த மாவையே அரைப்பதில் உங்கள் கம்பெனியை அடித்துக்கொள்ள ஆளில்லை. பூதம் மலையேறியது, சரி. பிறகு கார் ஓட்டியது, கடை வைத்தது, பழங்களை அடுக்கி வெடிக்க வைத்தது. போன வருடம் பல் துலக்கவும் கற்றுக்கொடுத்தது. விளையாடுகிறவர்களே ‘போதும்டா சாமி, அதை விட்டுடுங்க’ என்று எழுதுகிறார்கள். நான் ஒன்று விடாமல் படிக்கிறேன்.

இத்தனைக்கும் குரல் ஒன்றுதான். நம் மகள் ஆறு வயதில் பேசிய நான்கு மணி நேரத்தை வெட்டி ஒட்டி இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டீர்கள். இப்போது புது வசனத்துக்கு அதில் சொற்கள் போதவில்லை என்பதால், பேத்தியை விடுமுறைக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். அவளுக்கும் ஆறு வயது, அம்மாவின் அதே குரல், தாத்தாவுக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்கிறீர்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் பத்தாம் பாகத்துக்கு வெளியில் குரல் தேடினீர்களே, அப்போது மகளும் பேசி அனுப்பினாள். நீங்கள்தான் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிற நியாயஸ்தராயிற்றே. பதினான்காம் எண்ணுக்கு எதிரே ‘பூதத்தின் சாயல் துளியும் இல்லை. போலி’ என்று எழுதினீர்கள். கம்பெனி அதை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டது. அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். ‘அப்பாவுக்கு நான் வளந்ததே பிடிக்கலம்மா’ என்றாள். நீங்களோ பழைய பதிவையே மறுபடி வெட்டப் போய்விட்டீர்கள்.

இரண்டாம் பாகத்து அழுகையை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு எல்லாப் பாகத்திலும் அதுதானே வருகிறது. எதிரொலி இல்லாமலிருக்க அவளைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்துப் பதிவு செய்த காலம் அது. அழச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதவைச் சாத்தித் தாழ்போடச் சொன்னீர்கள். பதினொரு நிமிடம். நடுவில் அவள் என்னைக் கூப்பிட்டாள். பூதத்துக்கு அம்மா கிடையாது என்று அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தீர்கள்.

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன். தாழ்ப்பாள்மேல் இருந்தது என் கை. அழுகை நன்றாக வந்திருக்கிறது என்று நீங்கள் சைகை காட்டியபோது நான் தலையாட்டினேன்.

போன வாரம் பேத்தி போனில் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. ‘யாரும்மா அழறா?’ என்று கேட்டாள். ‘யாருமில்ல, கம்ப்யூட்டர்’ என்று சொல்லிவிட்டு மகள் துணி மடிக்கப் போனாள். அவள் வீட்டில் எந்த அலமாரிக்கும் கதவு கிடையாது. குடிவந்த அன்றே கழற்றிவிட்டாள். துணியெல்லாம் தூசியாகிறது என்று நான்கு வருடமாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பேத்தி வரமாட்டாள். நீங்களும் இங்கே வர வேண்டாம். வந்தால், பதினான்காம் எண்ணுக்கு எதிரே எழுதியதை மகள் எதிரிலேயே உங்களைப் படிக்க வைப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. அவள் என்னைக் கூப்பிட்டதை வெட்டி எடுத்தீர்களே, அந்தத் துண்டு அங்கேதான் இருக்கும். அதை எனக்கு அனுப்பிவிடுங்கள். யாரும் கேட்காமல் அது அங்கே கிடக்க வேண்டாம்.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். கடைசி நாள்வரை உங்களுக்குக் காது நன்றாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி