உள்பக்கம் மூன்று டிகிரி

மார்ச் 3, ஞாயிறு

காலைச் சாப்பாட்டுக்கு இல்ஹான் வந்தான். என் பெண்டாட்டி லெமானின் தம்பி. பல் டாக்டர். ஆனால் போர் விமானம் செய்கிற எனக்கே விமானத்தைப் பற்றி வகுப்பெடுப்பான். முட்டையும் தக்காளியும் வதக்கிய மெனெமென் வாணலியை ரொட்டியால் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"அத்தான், நெட்ல பாத்தேன். உங்க விமானத்தையும் அமெரிக்காக்காரன் விமானத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஆறு வித்தியாசம் கண்டுபிடின்னு போட்டிருக்கான்."

நான் வாயைத் திறப்பதற்குள் லெமான் பிடித்துக்கொண்டாள். "ரேடார்ல படாம இருக்கணும்னா எல்லாரும் ஒரே கணக்கைத்தாண்டா போடணும். மழை பெய்யிற ஊர்ல எல்லாம் கூரை சரிவாத்தான் இருக்கு. யாரு யாரைப் பாத்து கட்டினான்? உங்க அத்தானோட வால்ல ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு கணக்கு இருக்கு, தெரிஞ்சுக்கோ."

வால் குழுவின் தலைவன் நான். இன்னும் இரண்டு ஆலிவ் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பெண்டாட்டி நமக்காகச் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவது தனி ருசி.

மார்ச் 5, செவ்வாய்

லெமான் என் மேஜைக்கு வந்தாள். விமானத்தை ஓட்டும் மென்பொருள் அவள் குழுவுடையது. அலுவலகத்தில் என்னை 'சார்' என்பாள், உதட்டோரம் சிரிப்போடு.

"பெத்ரி சார், ஒரு சந்தேகம். வால்ல மேல நிக்கிற ரெண்டு துடுப்பும் சும்மா இருக்கும்போதே மூணு டிகிரி உள்பக்கம் திரும்பியிருக்கே, எதுக்கு? நேரா பறக்கும்போதுகூட ஒண்ணு இந்தப் பக்கம் தள்ளுது, இன்னொண்ணு அந்தப் பக்கம் தள்ளுது. எரிபொருள்தான் வீணாப் போகுது."

"காரணம் இருக்கு. பழைய கோப்புல பாத்துச் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டாள். உடனே நம்பிவிட்டாள். அதுதான் குத்துகிறது.

மார்ச் 6

கோப்பில் காரணம் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 8, வெள்ளி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடம் முன்பு. ஒரு அறை, நாலு பேர். கையில் எந்தத் தகவலும் இல்லை. விமானக் கண்காட்சியில் யாரோ எடுத்த ஒரு வெளிநாட்டு விமானத்தின் படம் மட்டும். அதன் மேல் கோணமானியை வைத்து அளந்தேன். துடுப்பு மூன்று டிகிரி உள்ளே. இவ்வளவு பெரிய நாட்டுக்காரன் சும்மாவா வைப்பான் என்று முதல் வரைபடத்தில் போட்டுவிட்டேன். பிறகு நான் போட்டதை மற்றக் குழுக்கள் எடுத்துக்கொண்டன. அவர்கள் கணக்கில் வந்துவிட்டதால் நானும் அதை உண்மை என்றே நம்பிவிட்டேன்.

இன்று அதே படத்தை மறுபடி பார்த்தேன். விமானி ஏறும் ஏணி சாய்ந்து நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் கட்டை. எஞ்சின் அணைந்திருக்கிறது! எஞ்சின் இல்லையென்றால் எண்ணெய் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையென்றால் முழுதாகச் சுழலும் துடுப்பு தன் இடத்தில் நிற்காது. கனமான பின்பக்கம் வெளியே சரியும், முன்பக்கம் உள்ளே திரும்பும். அது யாரும் யோசித்து வைத்த கோணமே இல்லை. நிறுத்திவைத்த விமானம் தொங்கவிட்ட வால்.

ஈயடிச்சான் காப்பி. அதுவும் தூங்குகிறவனைப் பார்த்து.

துடுப்பின் அடிப்பகுதியை வார்க்கும் அச்சை 18ஆம் தேதி வெட்டுகிறார்கள். வெட்டிவிட்டால் இந்த மூன்று டிகிரி நிரந்தரம்.

மார்ச் 10, ஞாயிறு

நாளை நோன்பு ஆரம்பம். லெமான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?" பருப்பு சூப் வைத்துக் கொடுத்தாள், எலுமிச்சை தூக்கலாக, எனக்குப் பிடித்த மாதிரி.

நாற்காலி போனால் போகட்டும். இவள் ஊர் முழுக்க எனக்காகப் பேசிய பேச்சு? அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மார்ச் 13, புதன்

நோன்பு திறந்த பிறகு படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பேரீச்சங்கொட்டையைத் தட்டில் துப்பிவிட்டுப் பார்த்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏணி நிக்குது" என்றாள்.

"ஆமா."

"எஞ்சின் ஓடல."

"ஆமா."

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். இருந்த பாத்திரம் கொஞ்சம், தேய்த்தது ரொம்ப நேரம். முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"காப்பி அடிச்சதுக்குக் கோபம் இல்ல பெத்ரி. உலகத்துல எவன் அடிக்கல? போன வாரம் செவ்வாக்கிழமை என் மூஞ்சியப் பாத்து காரணம் இருக்குன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான்."



கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நாளைக்குக் கூட்டத்துல நீயே சொல்லிடு. நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா பக்கத்து நாற்காலி என்னுது."

மார்ச் 14, வியாழன்

நோன்பு நாள் என்பதால் மேஜையில் டீ இல்லை. டீ இல்லாத எங்கள் ஆட்களைப் பார்த்தாலே பயமாக இருக்கும். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். படம், கோணமானி, ஏணி.

தலைமைப் பொறியாளர் துர்குத் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டு வருஷமா இதுல நான் கையெழுத்து போட்டிருக்கேன்யா. ஏன்னு நானும் ஒரு வார்த்தை கேக்கல." பிறகு என்னைப் பார்க்காமலே, "அச்சை நிறுத்துங்க" என்றார்.

சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. வால் குழு இனி காற்றுச்சுரங்கச் சோதனைப் பிரிவில் இருக்கும் சாதெத்திடம். நான் அவள் கீழே. நியாயம்தான். ஆனாலும் காரில் அழுதுவிட்டேன். லெமான் ஓட்டினாள். சிவப்பு விளக்கு விழுந்தபோதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்காராவில் சிவப்பு விளக்கு இவ்வளவு குறைவா என்று இருந்தது.

மார்ச் 19

புது அச்சு. சுழியம் டிகிரி. சாதெத் என்னையே சரிபார்க்கச் சொன்னாள். மூன்று முறை பார்த்தேன்.

மே 12, செவ்வாய்

புது நோட்டு. பழையது தீர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, சோம்பேறி நான். இன்று எழுதாமல் முடியாது.

விமானம் முதல் தடவையாக ஓடுபாதையில் ஓடியது. பறக்கவில்லை, ஓட்டம் மட்டும். துடுப்புகள் இரண்டும் நேராக, ஒன்றையொன்று தள்ளாமல் நின்றன. வேலிக்கு வெளியே படம் எடுக்கிறவர்கள் ஏணி போட்டு ஏறியிருந்தார்கள். விமானம் நின்றது. எஞ்சினை அணைத்தார்கள். நானும் லெமானும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் துடுப்புகள் மெல்லத் தளர்ந்து உள்பக்கம் திரும்பின.

"எவ்வளவு இருக்கும்?" என்றாள்.

"மூணு."

அவள் சிரித்த சிரிப்பில் சாதெத் திரும்பிப் பார்த்தாள்.

ராத்திரி இல்ஹான் ஒரு படம் அனுப்பினான். வேலியோரம் எடுத்தது. துடுப்பின் மேல் யாரோ சிவப்புக் கோடு போட்டு '3°' என்று எழுதியிருக்கிறார்கள். "அத்தான், இதுக்கு என்ன கணக்கு?"

லெமான் போனைப் பிடுங்கி, "அது தூங்குதுடா, நீயும் தூங்கு" என்று எழுதி அனுப்பினாள்.

எங்கோ ஒரு ஊரில், நாலு பேர் உட்கார்ந்த ஒரு அறையில், இந்தப் படத்தின் மேல் ஒருவன் கோணமானியை வைத்துக்கொண்டிருப்பான். அவன் வீட்டிலும் ஒரு லெமான் இருக்க வேண்டும்.