சத்தமில்லாமல் கழுவிய சங்கிலி

செவ்வாய், இரவு.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பசு ஈனும்போது கன்று பாதியில் நின்றுவிட்டது. எங்கள் கால்நடை மருந்தக அலமாரியில் அந்தக் காலத்திலிருந்து கிடக்கும் இரும்புச் சங்கிலியை எடுத்துப் போனேன். கன்றின் காலில் மாட்டி இழுப்பதற்கானது. மாட்டுக்காரி முத்துமாரி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவள். சங்கிலி கலகலத்ததும் சுவரோரம் ஒதுங்கினாள்.

“இரும்ப உரசாதீக, டாக்டரம்மா. பொறி பறக்கும்.”

“இங்கன ஏது மருந்து?”

“தெரியுது. ஒடம்பு கேக்க மாட்டேங்குது.”

கன்று உயிரோடு வந்தது. சங்கிலியை அவளே வாளித் தண்ணீரில் கழுவினாள், கண்ணி கண்ணியாக. துளிச் சத்தமும் இல்லை. மீன் நழுவுவது போலிருந்தது.

இப்போது அதை என் கருவிப் பெட்டிக்குள் இறக்கிப் பார்க்கிறேன். எவ்வளவு மெதுவாக விட்டாலும் கிணுங்குகிறது. ஒவ்வொரு கிணுங்கலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், நானும்.