முனுசாமி அண்ணன் போட்ட பேக்கிங்

என் பாவாவுக்கு, கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த காலமெல்லாம் ஒரு வரிகூட எழுதாத லட்சுமி எழுதுவது.

நீங்கள் கண்மூடிப் பத்து மாதம் ஆகிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தறியில் உட்கார்ந்தால் அன்றைக்கு ஆகவேண்டிய நெசவு ஆகிவிடுகிறது. அழுகை மட்டும் வரவில்லை. நம் பேத்தி வள்ளி பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறியிருக்கிறாள். ஐந்தாவதோடு நின்றவளின் பேத்தி என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். வாய்தான் சொன்னது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. இது என்ன பாவா, எனக்கு?

காரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நீங்கள் டாக்ஸி ஓட்டிய பழைய கறுப்புக் கார் கொட்டகையிலேயே நிற்கிறது. நம் பெரியவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தடவை கிளப்பிப் பார்த்து அணைக்கிறான். இத்தனை நாளும் எஞ்சின் அடியில் ஆயில் சொட்டியது. சொட்டு விழ நீங்கள் வைத்த தட்டில் நான்தான் புதுச் சாம்பல் மாற்றிவந்தேன்.

அந்தச் சொட்டுக்காகத்தானே டாக்ஸி ஸ்டாண்டில் நாலு பேர் கேட்க முனுசாமி அண்ணனை ஏசினீர்கள்? சின்ன வயதுக் கூட்டாளி. அவரைத் தவிர வேறு மெக்கானிக் கை உங்கள் வண்டியில் பட்டதில்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பருக்கு, கசியாமல் அடைக்கப் புதிதாகக் கார்க் பேக்கிங் போட்டுக் கொடுத்தார். முதலில் ஒரு துளி கசிந்தது, ஒரே மாதத்தில் ஒழுகியது. "கண்ணு தெரியாதவன்கிட்ட வண்டிய குடுத்தேன் பாரு" என்றீர்களாம். அவர் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். ஸ்டாண்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வேறு கடைக்குப் போய்விட்டன. உங்களை எடுத்த அன்று அவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை.

போன திங்கட்கிழமை காலையில் ஸ்பேனர் பையோடு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, வண்டிய ஒருவாட்டி அவுத்துப் பாக்கணும். நான் போட்டது ஏன் போச்சுன்னு தெரியாம சோறு எறங்க மாட்டேங்குது."

"அவரே இல்ல. இப்ப என்னத்துக்குண்ணா?"

"அவன் இல்லன்னா இன்னா? நான் இருக்கிறேன் இல்ல?"

பெரியவன் வேலைக்குப் போகுமுன் கூட இருந்து தள்ளி, முன் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றிவிட்டுப் போனான். அண்ணன் கோணியை விரித்து அடியில் நுழைந்தார். பழைய அண்டாவில் ஆயில் முழுவதையும் வடித்தார். நட்டுகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் முனகினார். சேம்பர் கையோடு வந்தது. வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வந்து பாரு தங்கச்சி. பேக்கிங் பிதுங்கி வெடிச்சிருக்குது. நட்டு இருக்கிற எடமெல்லாம் தகடு குழிஞ்சிருக்குது. கார்க் இல்ல இது? மெதுவா புடிக்கணும். எவனோ உயிர் போற மாதிரி இறுக்கியிருக்கான்."

நான் குனிந்து அந்தக் குழிகளைப் பார்த்தேன்.

"வேற எவன்? அவன்தான். தானே இறுக்கிட்டு ஸ்டாண்டுல என் மானத்த வாங்கியிருக்கான். செத்தவன் மேல கோவப்பட வைக்கிறான் பாரு!"

அந்தக் கோபம் உங்கள் மேலேயே இருந்துவிடட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன்? நீங்கள் வந்து மறுக்கவா போகிறீர்கள்?

"அவர் இல்லண்ணா. நான்."

"நீயா? நீ எதுக்கு அடியில போன?"

"வண்டி வெளிய வந்தா கோலம் போடற எடமெல்லாம் ஆயிலு. தறியில பாவு நூலு தொய்ஞ்சா இழுத்துக் கட்டினா நிக்கும். இதுவும் அப்படித்தான்னு..."

"எத்தினி வாட்டி?"

"வாரத்துக்கு ஒருவாட்டி. அவர் குளிக்கப் போறப்ப."

"எந்த ஸ்பேனர்ல?"

"நீளமா இருக்குமே, அதுல."

"அதுலியா!" என்று சிரித்துவிட்டார். பிறகு ஆயில் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார்.

என்ன சொல்வேன்? நீங்கள் ஸ்டாண்டிலிருந்து சிவந்த முகத்தோடு வந்த அன்று, ரசம் ஊற்றிக்கொண்டே நானும் "அந்த ஆளு வேலை சரியில்ல" என்றேனே, நினைவிருக்கிறதா? என் கைதான் காரணம் என்று தெரியாமல்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

தகட்டைக் கல்மேல் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்கினார். அவர் கொண்டுவந்த புதுப் பேக்கிங் வெகுநாள் கடையில் கிடந்து சுருங்கியிருந்தது. ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. வெந்நீர் கேட்டார். அரைமணி நேரம் ஊறியதும் அது பழைய அளவுக்கு நீண்டுகொடுத்தது. எல்லாம் பொருத்திவிட்டு, குட்டை ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

"நீயே இறுக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு, எதிர்ப்பக்கம் ஒண்ணு."

புடவையைச் செருகிக்கொண்டு கோணியில் படுத்தேன்.

"போதும்" என்றார்.

"இன்னும் சுத்துதுண்ணா."

"சுத்தட்டும். போதும்னா போதும்."

புது ஆயில் ஊற்றிக் கிளப்பினோம். மறுநாள் விடிந்ததும் தட்டை இழுத்துப் பார்த்தேன். சாம்பல் வைத்தபடியே இருந்தது. விரலால் தொட்டேன், காய்ந்திருந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று கொஞ்சநேரம் அங்கேயே உட்கார்ந்தேன். வரவில்லை. எழுந்து கோலம் போட்டேன்.

நீங்கள் நாலு பேர் கேட்கப் பேசினீர்கள். நான் கொட்டகைக்குள் அவர் ஒருவரிடம் ஒப்புக்கொண்டால் போதுமா? உங்கள் வருஷ திதிக்கு அச்சடிக்கும் நோட்டீசில் இந்தக் கடிதத்தையே போடச் சொல்லிவிட்டேன். "ஊரே சிரிக்கும்மா" என்கிறான் பெரியவன். யாரிடமும் தலைகுனியாதவள் என்று பெயர் எடுத்தவள்தான் நான். சிரிக்கட்டும்.

அன்றைக்கு உங்கள் காரிலேயே ஸ்டாண்டுக்குப் போவேன். முனுசாமி அண்ணன் ஓட்டுவார். முதல் நோட்டீசை அங்கே வேப்பமரத்தில் என் கையாலேயே ஒட்டுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நின்று படித்தும் காட்டுவேன், பாவா. இது சத்தியம்.

இறுக்கிய கையோடு,
உங்கள் மாமன் மகள்
லட்சுமி