ஒரே வண்டியில் இரண்டு ஆய்வாளர்கள்

பிப்ரவரி 3, 1994

அன்புள்ள கோர்கோர்,

கல்யாணமான புதிதில் ஒருநாள் நீ கேட்டாய்: "வாத்தியாரே, உங்களுக்குப் பொறாமையே வராதா?" வராது என்று பெருமையாகச் சொன்னேன். இப்போது அந்த விடையைத் திருத்த வேண்டியிருக்கிறது. உதாரணத்துக்கு, உன் போன கடிதத்தில் லார்ட்டே என்ற பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. நான் வருவது ஒரே இடத்தில், அதுவும் இரத்த அழுத்த மாத்திரையோடு. தீப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வண்டி தர மாட்டார்களா? அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் நகரம் முழுக்கப் போக வேண்டுமா?

நேற்று மீன் வறுத்தேன், கருகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கணவன்,
டெட்டே ஒகாய்

பிப்ரவரி 15

என் வாத்தியாருக்கு,

படித்ததும் சிரித்துவிட்டேன். நாலாயிரம் கடைக்கு நாங்கள் இரண்டே பேர். இந்த வருஷம் ஒதுக்கிய பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், வாரத்துக்கு எட்டு லிட்டர் பெட்ரோல். இரண்டு கையெழுத்து இல்லாத ஆய்வு செல்லாது என்பது விதி. அதனால்தான் ஒன்றாகப் போகிறோம். லார்ட்டே ஓட்டிக்கொண்டே வேர்க்கடலை தின்பார். தோல் அத்தனையும் என் முகத்தில். இதுதான் எங்கள் காதல்!

சந்தைப் பெண்கள் சும்மா விடுவார்களா? "ஏ புருசன் பொண்டாட்டி! எங்க அடுப்பையும் வந்து பாருங்க!" என்று கத்துகிறார்கள். "ஏன்க்கா, எனக்கு இதவிட நல்ல ஆளா உனக்குக் கிடைக்கலையா?" என்பேன்.

மார்ச் எட்டாம் தேதி சந்தையின் துணிச்சந்துக்குப் போகிறோம். திருட்டுப் பயத்தில் கடைக்காரர்கள் அதன் பின்கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்களாம். திறக்க வைக்க வேண்டும்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் கோர்கோர்

பிப்ரவரி 24

கோர்கோர்,

சந்தையே உங்களைப் புருஷன் பொண்டாட்டி என்கிறது. நீயும் பதில் பேசிச் சிரிக்கிறாய். இங்கே சோளக் கெங்கே விற்கும் பக்கத்து வீட்டுக்காரி, "என்ன வாத்தியாரே, அக்கா இந்த மாசமும் வரலையா?" என்கிறாள். நான் என்ன சொல்ல? உன் நல்ல பெயருக்கு வேண்டியதைச் செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒகாய்

மார்ச் 21

திரு. ஒகாய் அவர்களுக்கு,

மூன்றாம் தேதி உத்தரவு வந்தது: ஆணும் பெண்ணும் ஒரே வண்டியில் போகக் கூடாது. லார்ட்டேயை வண்டியோடு துறைமுகப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எட்டாம் தேதி நான் தனியாகத் துணிச்சந்துக்கு நடந்து போனேன். "ஒத்தக் கையெழுத்த வச்சு என்னம்மா பண்ணுவே? போய் இன்னொரு ஆளோட வா" என்று சந்தின் தலைவர் சிரித்தார். பூட்டு அப்படியே தொங்கியது.

பதினேழாம் தேதி மதியம் அங்கே தீப்பிடித்தது. யாரும் சாகவில்லை. தையல்காரி அக்வெலே அந்தக் கதவை இரண்டு கைகளாலும் தள்ளிப் பார்த்திருக்கிறாள். கைகள் வெந்துவிட்டன. இனி ஊசி பிடிக்க முடியாது என்கிறார் மருத்துவர்.

மேலதிகாரி மொட்டைக் கடிதத்தைக் காட்டினார். சிவப்பு மையில் ஓரக்கோடு. ஒரே பக்கத்தில் மூன்று "உதாரணத்துக்கு". வேறு யார் அப்படி எழுதுவார்கள்? இனி எனக்கு எழுத வேண்டாம். பெயரைப் போட்டு அவருக்கு எழுதுங்கள்.

கோர்கோர்

ஏப்ரல் 9

கோர்கோர்,

நேரிலேயே போனேன். எழுதியது நான்தான் என்றேன். மேலதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டார். "விடுங்க சார். துறைமுகத்துல ஆளும் வண்டியும் கேட்டு நச்சரிச்சிட்டு இருந்தாங்க. புதுசா எடுக்கப் பணம் ஏது? உங்க கடுதாசி எங்களுக்கு வசதியாப் போச்சு" என்றார். அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம். பெயர் போட்டு, எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். லார்ட்டே திங்கட்கிழமை திரும்பி வருவார். வண்டி வராது.

மருத்துவமனைக்கும் போனேன். "நீங்க யாரு?" என்றாள் அக்வெலே. "வாத்தியாரும்மா" என்றேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

லார்ட்டே மேல் மட்டுமா பொறாமை? ஒரு நகரமே உன்னைக் கூப்பிடுகிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. இது சாக்கு அல்ல, காரணம்.

நீ வேண்டாம் என்ற பிறகும் எழுதிவிட்டேன், இதுவே கடைசி. இந்த மாதம் முழுவதும், நான் என்று ஒருவன் இல்லாததுபோல வேலை செய்து பார். மனசு லேசாக இருந்தால் அப்படியே இரு.

டெட்டே ஒகாய்