எது முதலில் வந்தது

அன்பு மகளுக்கு,

விமானம் பறக்கும்போதே அதிலுள்ள கணினி, பழுது வந்த மணியையும் நிமிடத்தையும் குறித்துத் தரையில் பழுது பார்க்கும் உங்களுக்குச் செய்தி அனுப்பிவிடும் என்றாய். நொடியைக் குறிக்காது என்றும் சொன்னாய். அப்படியானால் ஒரே நிமிடத்தில் இரண்டு பழுது வந்தால், எது முதலில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நான்கு நாளாக இதையே யோசிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை குரங்கணியிலிருந்து ஜீப்பில் மலையிறங்கி வரும்போது, பத்து நாற்பதுக்கு, உன்னைப் பெற்ற அத்தாவுக்கு வலது கையும் மரத்தது, பேச்சும் குழறியது. "எது மொதல்ல வந்துச்சும்மா?" என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பயப்படாதே, இப்போது கை அசைகிறது. நேற்றுத்தான் பேச்சு தெளிந்தது. தெளிந்ததும் அவர் முதலில் சொன்னது, "பிள்ளைகிட்ட சொல்லிறாத."

நான் சொல்லிவிட்டேன். கிளம்பி வா.

உன் அம்மா